சந்தாச் சீட்டும் வாக்குச் சீட்டும்

எங்கள் உடப்புசல்லாவைப் பாடசாலையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டுவருமாறு மாணவர்களைக் கேட்டிருந்தோம். பித்தளைச் செம்பும், கொழுந்துக் கூடையும், கவ்வாத்துக் கத்தியும் வந்து சேர்ந்தன. ஒரு மாணவன் மட்டும் துருவேறிய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடைய பூட்டனார் போற்றி வைத்திருந்த தகரம் அது. திறந்து பார்த்தபோது, நூலாற் கட்டிய காகிதக் கட்டு ஒன்றே உள்ளே இருந்தது. அத்தனையும் தொழிற்சங்கச் சந்தாவுக்குக் கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றும் சதக் கணக்கில் எழுதப்பட்டது.

“சேர், இதுல காசு ஒன்னும் இல்லியே. ஏன் இவ்வளவு பத்திரமா வச்சிருந்தாங்க?” என்று அம்மாணவன் என்னைக் கேட்டான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆறுதலாக விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இன்று உலக அரசியலில் சிறு நன்கொடையின் வலிமை பெரிதாகப் பேசப்படுகின்றது. 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் பராக் ஒபாமா இணையத்தின் வழியாக இலட்சக்கணக்கான மக்களிடமிருந்து சிறுசிறு தொகைகளைத் திரட்டினார். 2016ஆம் ஆண்டு பேர்னி சாண்டர்ஸ் என்னும் வேட்பாளர், தமக்குக் கிடைத்த நன்கொடையின் சராசரி 27 டொலர் என்பதையே மேடைதோறும் பெருமையோடு கூறிவந்தார். செல்வந்தர் சிலரின் காசோலைக்கு எதிராகச் சாமானியர் பலரின் சில்லறை நிற்க முடியும் என்பதை இவை காட்டின. இதனை இணையம் படைத்த புதுமை என்று கூறுவோர் உளர். கருவி புதியதுதான், ஆனால் அந்தச் சக்தி பழையது. தேயிலை மலைகளில் வாழும் எம்மவர் அதனை எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். அதன் நன்மையை மட்டுமன்றி, அதிலுள்ள ஆபத்தையும் அறிந்திருந்தனர்.

மலையகத் தமிழரின் வரலாற்றை மூன்று சீட்டுகளின் வரலாறாகக் கூறிவிடலாம். முதலாவது, துண்டுச் சீட்டு. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர், வழிச்செலவுக்கும் உணவுக்கும் பெற்ற முற்பணத்தால், தோட்டத்தை அடையுமுன்னரே கடனாளிகளாயினர். கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டம் போக விரும்பினால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். தொழிலாளியின் உழைப்பு மட்டுமன்றி, அவனுடைய கடனும் கைமாறிற்று. இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை காகிதம் என்பது எம்மவருக்கு அடிமைத்தனத்தின் அடையாளமாகவே இருந்தது.

அதே 1921ஆம் ஆண்டில் பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு காகிதம் மக்கள் கைகளில் ஏறத் தொடங்கிற்று. முந்திய ஆண்டு நாகபுரியிற் கூடிய காங்கிரஸ், நாலணா செலுத்தும் எவரும் அங்கத்தவராகலாம் என்று விதி செய்திருந்தது. 1921இல் பெஜவாடாவிற் கூடிய காங்கிரஸ் கமிட்டி, ஜூன் மாத முடிவுக்குள் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் சேர்ப்பதென்றும், ஒரு கோடி அங்கத்தவரைச் சேர்ப்பதென்றும் தீர்மானித்தது. நிதி திரண்டது. பம்பாய் வணிகர் பெருந்தொகை அளித்தனர் என்பது உண்மை. எனினும் அந்த இயக்கத்தைப் படித்தவர் மண்டபத்திலிருந்து பாமரர் வீதிக்குக் கொணர்ந்தது நாலணாவே. தம் கைப்பொருளைக் கொடுத்தவர்கள், “காங்கிரஸ் என்ன செய்கிறது?” என்று வினவும் உரிமையையும் அதனோடு பெற்றுக்கொண்டனர்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே வருகையின் நோக்கம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, பதுளை, நுவரெலியா, அட்டன் முதலிய மலைநாட்டு நகரங்களிலும் அவர் மக்களைச் சந்தித்தார். தாம் தரித்திர நாராயணரின் பிரதிநிதியாக வந்திருப்பதாக அவர் கூறிக்கொள்வது வழக்கம். ஏழைகளுக்காகக் கேட்க வந்தவருக்கு ஏழைத் தொழிலாளரும் கொடுத்தனர்.

அவர்கள் கொடுத்தது எத்தகைய பணம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதே 1927ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறைந்தபட்ச சம்பளச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி ஐந்து சதம் கொடுத்தாளாயின், அது அவளது நாட்கூலியில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேலானது. செல்வந்தர் ஆயிரம் ரூபா கொடுத்தால் அவர் வீட்டு அடுப்பில் மாற்றம் எதுவும் இராது. அவள் ஐந்து சதம் கொடுத்தால் அன்றைய கறிச்சட்டியில் அது தெரியும். அவ்வாறு கொடுத்தவள், கொடுத்ததை எளிதில் மறந்துவிடமாட்டாள். சிறு நன்கொடையின் வலிமை அதன் தொகையில் இல்லை. இந்த மறவாமையில் இருக்கின்றது.

இந்த உண்மையைத் தோட்டப்புறத்தில் நன்குணர்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், 1931ஆம் ஆண்டு அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டங்கள் தனியார் நிலங்களாகையால், சங்கத்தார் உள்ளே செல்வது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. புடவை வியாபாரி போன்று வேடமிட்டு நடேசய்யர் லயங்களுக்குச் சென்றார் என்று இன்றும் முதியோர் கூறுவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுகள் இயற்றி, கூட்டங்களிற் பாடி மக்களைத் திரட்டினார். பெருந்தன வணிகர் எவரையும் நம்பாது, தொழிலாளரையே நம்பி அமைந்த முதற் பேரியக்கம் இதுவே எனலாம். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

1939ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலைநாடெங்கும் கொந்தளிப்பு மூண்டது. தோட்டந்தோறும் சங்கக் கிளைகள் தோன்றின. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர். சம்பள நாளன்று அவர் லயம் லயமாகச் சென்று சந்தா வாங்குவார். துரையின் கண்ணுக்கும் கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கும் அஞ்சி, இருட்டியபின் வாங்கிய இடங்களும் உண்டு. பணம் கொடுத்தவர் கையில் ஒரு சீட்டு வரும். எம்மவர் வரலாற்றின் இரண்டாவது சீட்டு இதுவே.

இந்தியர் காங்கிரஸுக்கு வர்த்தகர்களின் பணமும் கிடைத்தது. அதன் தலைவர்களிற் சிலர் வசதி படைத்தவர்கள். இதனை மறைப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஆயினும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றதற்குக் காரணம் வர்த்தகர் பணம் மட்டுமன்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் ஸி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் முதலியோர் வென்றனர். இத்தொகுதிகளில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கத் தனியாக ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. மாதந்தோறும் சந்தா வாங்கச் சென்ற அதே கால்கள் அதே படிகளில் ஏறின. காசு கொடுத்துப் பழகிய கை வாக்களிக்கத் தயங்கவில்லை. சந்தாச் சீட்டு வாக்குச் சீட்டாக மாறிய ஆண்டு 1947.

அந்த மாற்றமே பலர் கண்ணை உறுத்திற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து, தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952இல் கொழும்பில் நான்கு மாதங்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் நடந்தது. பயன் விளையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த எவரும் தெரிவாகவில்லை. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் அடங்கியோர் சுமார் 8,25,000 பேர். அவர்களுள் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. எஞ்சியோரின் தலைவிதியை 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாக்கிப் பங்கிட்டது.

நேயர்களே, இவ்விடத்திலேதான் அந்தப் பிஸ்கட் தகரத்தின் பொருள் விளங்குகின்றது. வாக்குச் சீட்டு என்னும் மூன்றாவது சீட்டு பறிபோன பின்னரும் இரண்டாவது சீட்டு கையில் இருந்தது. நாட்டின் தேர்தலில் வாக்களிக்க இயலாதவன், தன் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கலாம், கொடுக்க மறுக்கலாம், வேறு சங்கத்துக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 1950ஆம் ஆண்டு இந்தியர் காங்கிரஸ், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிற்று. 1956இல் அ. அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிரிந்தது. 1965இல் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. இப்பிரிவுகளால் தொழிலாளரின் ஒற்றுமை குலைந்தது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். வாக்கற்ற மக்களுக்கு, இன்னார் எம் தலைவர், இன்னார் அல்லர் என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பள நாளே அவர்களுக்குத் தேர்தல் நாளாயிற்று.

அரசாங்கமும் இந்தத் தேர்தலின் முடிவை அறிந்தே இருந்தது. தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன அங்கத்தவராகப் பாராளுமன்றம் சென்றார். வாக்காளர் தொகையால் அன்று. சங்கத்தின் அங்கத்தவர் தொகையால். 1977இல் அவர் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் மக்கள் வாக்கினால் மீண்டும் தெரிவானபோது, 1947க்குப்பின் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த முப்பது ஆண்டும் ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் அணையாது காத்தவை சதக் காசுகளே. நாடற்றோர் என்னும் அவச்சொல்லை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன.

இதுவரை சிறுகாசின் பெருமையைக் கூறினேன். அதன் ஆபத்தையும் கூறவேண்டும். அதற்குப் பிரித்தானியத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு துணைசெய்யும். அங்கு தொழிற்கட்சி, தொழிற்சங்க அங்கத்தவர் செலுத்திய சிறு தொகைகளாலேயே வளர்ந்தது. தன் சந்தாவை அரசியலுக்குச் செலவிடலாகாது என்று ஒஸ்போர்ன் என்னும் ரயில்வே ஊழியர் தொடுத்த வழக்கில், 1909ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் 1913ஆம் ஆண்டுச் சட்டம், சங்கங்கள் தனியான அரசியல் நிதி வைத்துக்கொள்ள அனுமதித்தது. விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம் என்றது. 1927இல் இவ்விதி தலைகீழாயிற்று. விரும்புபவரே எழுதிக் கொடுத்துச் சேரவேண்டும் என்றாயிற்று. உடனே பணம் செலுத்துவோர் தொகை பெரிதும் குறைந்தது. 1946இல் பழைய விதி மீண்டது. மனிதர் அவர்களே, கொள்கையும் அதுவே. படிவத்தில் ஒப்பமிடாதிருப்பவனை எப்பக்கத்திற் சேர்ப்பது என்ற ஒரு விதி மட்டுமே மாறியது. ஆகவே, கொடுக்கப்படும் பணம் எல்லாம் மனமறிந்து கொடுக்கப்பட்டது என்று கொள்ளலாகாது.

எங்கள் தோட்டங்களிலும் நாளடைவில் இத்தகைய மாற்றம் ஒன்று நேர்ந்தது. தலைவர் லயம் லயமாகச் சென்று சந்தா வாங்கும் வழக்கம் அருகி, தொழிலாளியின் ஒப்பத்தின்பேரில் செக்ரோலிலேயே சந்தாவைக் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை நிலைபெற்றது. இதனால் நன்மைகள் பல. பணம் இடைவழியில் தவறுவதில்லை. சங்கத்துக்கு வருவாய் ஒழுங்காகக் கிடைக்கும். தலைவரும் மழையில் நனைந்து அலைய வேண்டியதில்லை. ஆனால் இழந்தது ஒன்றுண்டு. முன்னர் மாதம் ஒருமுறை தலைவர் வாசற்படியில் வந்து நின்றார். அப்போது அம்மாவோ ஐயாவோ, “போன மாசம் சொன்ன கூரைத் தகரம் என்னாச்சு?” என்று கேட்டபின்னரே முந்தானை முடிச்சை அவிழ்த்தனர். இன்று முடிச்சும் இல்லை, கேள்வியும் குறைந்துவிட்டது. சம்பளச் சீட்டின் கழிவுகளுள் அதுவும் ஒரு வரியாகக் கிடக்கின்றது. கையறிந்து கொடுத்த காசு கையறியாமற் போகும் காசாயிற்று.

இணையவழி நன்கொடையும் இதே பாதையிற் செல்வதைக் காண்கின்றோம். 2020ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் டொனால்ட் டிரம்பின் பிரசாரத்துக்கு நிதி திரட்டிய இணையப் பக்கங்களில், “இத்தொகையை வாரந்தோறும் கழித்துக்கொள்க” என்ற பொருள்படும் கட்டம் முன்கூட்டியே அடையாளமிடப்பட்டிருந்தது. ஒருமுறை கொடுத்ததாக எண்ணியிருந்த பலரின் கணக்கிலிருந்து மீண்டும் மீண்டும் பணம் கழிந்தது; பின்னர் பல கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தல் ஆணைக்குழு, இத்தகைய கட்டங்களைத் தடைசெய்யுமாறு காங்கிரஸ் சபைக்கு ஏகமனதாகப் பரிந்துரை செய்தது. ஒஸ்போர்ன் காலத்துப் படிவமும் இக்காலத்துக் கட்டமும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன.

கொடுத்தவர் கணக்குக் கேட்க இயலாதபோது சிறுகாசின் பெருமையும் மங்கிவிடுகின்றது. 2013ஆம் ஆண்டு டில்லித் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி, நன்கொடையாளர் பெயர்ப்பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டது. இலக்காகிய 20 கோடி ரூபாய் சேர்ந்தவுடன், இனிப் பணம் வேண்டாம் என்று அறிவித்து வியப்பூட்டியது. சில ஆண்டுகளுள் அந்தப் பட்டியல் தளத்திலிருந்து மறைந்ததும் குறை கூறப்பட்டது. மறுபுறம், 2018இல் இந்தியாவிற் புகுத்தப்பட்ட தேர்தற் பத்திரத் திட்டத்தில் கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாது. தொகையிற் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே வந்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானது என்று 2024 பெப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கிற்று.

நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம், வேட்பாளர் பெற்ற நன்கொடையையும் செய்த செலவையும், தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று விதிக்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்னும் கணக்கில் செலவுக்கு எல்லை வகுக்கப்பட்டது. அந்த வாக்காளர் கணக்கில், ஒரு காலத்தில் கணக்கிலிருந்தே நீக்கப்பட்ட எங்கள் மலைகளின் மக்களும் இன்று அடங்குவர். இச்சட்டம் தரும் வாய்ப்பைப் பயன்படுத்துவது மக்கள் கையில் இருக்கின்றது.

இன்றைய தோட்டத்து இளைஞர் கைத்தொலைபேசி வாயிலாக நொடிப்பொழுதில் பணம் அனுப்பக் கற்றுள்ளனர். கோயில் திருவிழாவுக்கும், மண்சரிவில் வீடிழந்தோருக்கும், நண்பனின் வைத்தியச் செலவுக்கும் அவ்வாறே கொடுக்கின்றனர். நாளை ஓர் அரசியல் இயக்கத்துக்கும் கொடுப்பர். கொடுக்கட்டும். ஏழையின் காசு இல்லாத அரசியலில் ஏழையின் குரலும் இராது. ஆனால் கொடுக்குமுன் தலைவரை வாசற்படியில் நிறுத்திக் கேட்ட முன்னோரைப் போன்று, இவர்களும் கேட்கப் பழகவேண்டும். எதற்கு, எவ்வளவு, எத்தனை முறை, கணக்கு எங்கே என்னும் கேள்விகள் கொடுப்பவரின் உரிமை.

அம்மாணவனுக்கு இன்று நான் கூறும் விடை இதுதான். தம்பி, உன் பூட்டனார் அந்தத் தகரத்தில் காசை வைத்திருக்கவில்லை. நாட்டின் பட்டியலில் தம் பெயர் இல்லாத காலத்தில், தம் பெயர் எழுதப்பட்ட காகிதத்தை வைத்திருந்தார். நானும் ஒருவன், எனக்கும் கேட்க உரிமை உண்டு என்பதற்கு அவர் கையிலிருந்த சாட்சி அது ஒன்றே.